கூரையைத் தொட்டுப் பாருங்கள்

சித்திரை மத்தியானம், மணி 2. ஈரோடு, கரூர் பக்கத்துத் தோட்டத்து வீடுகளில் காலையில் களம் முழுக்க மேய்ந்துகொண்டிருந்த கோழிகளில் ஒன்றுகூட இப்போது கண்ணில் படாது. தேடினால் கிடைக்கும். புங்கமரத்தடியில் நாலு. மாட்டுத் தாழ்வாரத்தில், தண்ணீர்த் தொட்டி கசிந்து மண் ஈரமாக இருக்கிற மூலையில் இரண்டு. நிறுத்தி வைத்த வண்டிக்கு அடியில் ஒரு பெட்டை தனியாக. அந்தப் பெட்டையைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். மேலே சுடும் மண்ணைக் காலால் பறித்துத் தள்ளிவிட்டு, அடியில் இருக்கிற குளிர்ந்த மண்ணில் நெஞ்சை அழுத்திப் படுத்திருக்கும். இறக்கைகளை உடம்பிலிருந்து விலக்கித் தொங்கவிட்டிருக்கும். அலகு பாதி திறந்திருக்க, தொண்டை மட்டும் விடாமல் படபடவென்று துடிக்கும். அதற்கு யாரும் ஒன்றும் செய்து தரவில்லை. இருக்கிற இடங்களில் எது குளிர்ச்சியானதோ அதைத் தானே கண்டுபிடித்துக்கொண்டது.

அதே நேரம், டவுனில் ஒரு மொட்டை மாடி. கம்பி வலைக் கூண்டு, மேலே ஒரு தகர ஷீட், உள்ளே அஞ்சாறு கோழிகள். தண்ணீர் இருக்கிறது, தீவனம் இருக்கிறது, நிழலும் இருக்கிறது. ஆனால் அந்த நிழல் கொதிக்கிறது. தகரத்தின் அடிப்பக்கத்தில் கை வைத்தால் ஒரு நொடி தாங்காது. கோழியின் தலைக்கும் அந்தத் தகரத்துக்கும் நடுவே ஒன்றரைச் சாண் இடைவெளிதான். வேறு இடம் தேடிப் போக அதற்கு வழியில்லை.

2024-ல் ஏப்ரல் கடைசியிலும் மே முதல் வாரத்திலும் ஈரோட்டிலும் கரூர் பரமத்தியிலும் 42 டிகிரி செல்சியஸைத் தாண்டி வெயில் அடித்தது. கத்திரி எனும் அக்னி நட்சத்திரம் தொடங்குவதற்கு முன்பே அந்தச் சூடு ஆரம்பித்துவிட்டது. மே 4-ஐ ஒட்டித் தொடங்கி 28 வாக்கில் முடியும் அக்னி நட்சத்திரத்தை மட்டும் பார்த்துக் கோழியைக் காபந்து பண்ணிய காலம் போய்விட்டது. மாசி முடியும்போதே வேலையை ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. கோடையில் செத்துப்போகும் வீட்டுக் கோழிகளில் பெரும்பாலானவை வெட்டவெளி வெயிலில் சாவதில்லை என்பதை வளர்க்கிற எல்லோரும் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். நாம் கட்டிக்கொடுத்த கூரைக்கு அடியில், நாம் சாத்திய கதவுக்கு உள்ளேதான் அவை சாகின்றன. அதனால்தான் கோழியைக் குளிர்விக்கிற பேச்சைத் தண்ணீரிலிருந்தும் மோரிலிருந்தும் தொடங்காமல் கூரையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

வியர்க்காத உடம்பு

கோழியின் உடம்புச் சூடு சாதாரண நாளிலேயே 41 டிகிரிக்கு மேல். நமக்கு அந்தச் சூடு வந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. உடம்பு முழுக்க இறகுப் போர்வை. வெளிக்காற்று 30 டிகிரியைத் தாண்டும்போதே சங்கடப்பட ஆரம்பிக்கும். 35-க்கு மேல் போனால் தீனி எடுப்பதும் முட்டையும் குறையும். 38, 40 என்று ஏறினால் கனத்த கோழிகளுக்கு உயிருக்கே ஆபத்து. கால்நடை மருத்துவர்கள் இதை வெப்ப அயற்சி என்கிறார்கள்.

சூட்டை வெளியே தள்ள அதற்கு முக்கியமாக இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, இறகில்லாத இடங்கள்: கொண்டை, தாடி, கால், இறக்கைக்கு அடிப்பக்கம். ரத்தம் அங்கே அதிகமாக ஓடி, காற்றில் சூட்டை விடும். சுற்றியிருக்கிற காற்று உடம்பைவிடக் குளிர்ச்சியாக இருந்தால்தான் இது நடக்கும். இன்னொன்று மூச்சு. வாயைத் திறந்து வேகமாக மூச்சு வாங்கும்போது தொண்டையின் ஈரம் ஆவியாகி, அதோடு சூடும் போகிறது. காற்று உடம்புச் சூட்டை நெருங்கிவிட்டால் கோழிக்கு மிச்சம் இருப்பது இந்த ஒரு வழிதான்.

இதிலிருந்து நம் ஊருக்கு ஒரு முக்கியமான விஷயம் புரிகிறது. காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருந்தால் ஆவி எழும்பாது. கரூரின் 41 டிகிரியைத் தாங்குகிற கோழி, கடற்காற்று தாமதிக்கிற ஒரு சாயங்காலம் சென்னையிலோ கடலூரிலோ 37 டிகிரியில் துவண்டுபோகும். கொங்குப் பக்கம் கூண்டைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டித் தொங்கவிடுவார்கள். வறண்ட காற்று அதன் வழியே உள்ளே வரும்போது சில டிகிரி குறைந்துவிடும், அருமையான வைத்தியம். அதையே கடலோரத்தில், காற்றசைவு இல்லாத சந்துக்குள் நாலு பக்கமும் கட்டினால் கூண்டு ஆவி பிடிக்கிற அறையாகிவிடும். அங்கே சாக்கைவிட, கூண்டுக்கு வெளியே இருந்து உள்ளே வீசுகிற ஒரு பழைய டேபிள் ஃபேன் மேல். சாக்கு கட்டுகிறவர்கள் எந்த ஊரானாலும் காற்று வரும் பக்கம் மட்டும் கட்டி, எதிர்ப்பக்கத்தைத் திறந்தே விட வேண்டும்.

மூச்சு வாங்குவதற்கு ஒரு விலையும் உண்டு. விடாமல் மூச்சு வாங்கினால் ரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. முட்டை ஓடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது. அந்தக் கார்பனேட்டுக்கு ரத்தத்தில் கரியமில வாயு வேண்டும். கோடையில் முட்டை ஓடு மெலிந்து, கூடையில் வைக்கும்போதே கீறல் விடுவதற்குத் தீனியில் சத்துக் குறைவுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். பாதிக் காரணம் மூச்சில் இருக்கிறது. கிளிஞ்சல் தூளைச் சாயங்காலம் தனிச் சட்டியில் வைப்பது நல்லது, ஓடு பெரும்பாலும் ராத்திரியில்தான் உருவாகிறது. ஆனாலும் கூண்டுச் சூடு குறையாமல் கிளிஞ்சல் மட்டும் கொட்டிப் பிரயோசனமில்லை.

கூரையும் கதவும்

ஒரு சோதனை சொல்கிறேன். மத்தியானம் 3 மணிக்குக் கோழிக் கூண்டின் கூரைக்கு அடியில் உள்ளங்கையை வையுங்கள். கையை எடுக்காமல் பத்து எண்ண முடியவில்லை என்றால் அந்தக் கூரை கோழிக்கு ஆகாது. தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் வெயிலை மறைக்கும், கூடவே வாங்கிய சூட்டைக் கீழே இறக்கும்.

மாற்றுவதற்குப் பெரிய செலவு இல்லை. தகரத்துக்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டு, மூங்கில் குச்சி வைத்துத் தென்னங்கீற்றையோ பனையோலையையோ போடுங்கள். அந்த இடைவெளியில் காற்று ஓட வேண்டும், அதுதான் சூட்டை அள்ளிக்கொண்டு போகும். கீற்றைத் தகரத்தோடு ஒட்டிப் போட்டால் பாதிப் பலன்தான். கீற்று கிடைக்காத டவுனில் ஷீட்டின் மேல்பக்கம் கெட்டியாக வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கலாம். மழை வரும்வரை தாங்கும். நாமக்கல் பண்ணைகளில் கொட்டகை மேல் ஸ்பிரிங்க்ளர் வைத்துத் தண்ணீர் தெளிக்கிறார்கள். அவ்வளவு வசதி வீட்டில் வேண்டாம். ஓலைக்கு மேல் மதியம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினாலே வித்தியாசம் தெரியும். புதிதாகக் கூண்டு கட்டுகிறவர்கள் நீளப் பக்கத்தைக் கிழக்கு மேற்காக வைத்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் அகலப் பக்கத்தில் மட்டும்தான் விழும். கூரையை ஆள் குனியாமல் நுழைகிற உயரத்துக்குத் தூக்கிவிட்டால் இன்னும் நல்லது.

அடுத்தது ராத்திரி. இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். கீரி, மரநாய், காட்டுப்பூனை, தெருநாய், பாம்பு என்று பயம் இருப்பதால் பொழுது சாய்ந்ததும் கோழியை மரப்பெட்டியிலோ செங்கல் கூண்டிலோ அடைத்து, சந்து பொந்தெல்லாம் அடைத்துவிடுகிறோம். ஒரு கோழி சும்மா உட்கார்ந்திருந்தாலே சுமார் 10 வாட் சூட்டை வெளியே விடுகிறது. 10 கோழியை ஒரு பெட்டிக்குள் அடைத்தால், 100 வாட் குண்டு பல்பை உள்ளே போட்டு விடிய விடிய எரியவிட்ட மாதிரி. அதுவும் சாயங்காலம் 6 மணிக்கு, பகல் முழுக்க வெயில் குடித்த சுவர் சூட்டைக் கக்க ஆரம்பிக்கும் நேரத்தில். காலையில் கதவைத் திறந்தால் கொழுத்த பெட்டை ஒன்று செத்துக் கிடக்கும். பாம்பு தீண்டியிருக்கும் என்று குழி வெட்டிப் புதைத்துவிடுவார்கள்.

கோடை முடியும்வரை பெட்டியின் இரண்டு எதிரெதிர்ப் பக்கங்களைக் கம்பி வலையாக மாற்றுங்கள். வலைக் கண் சின்னதாக இருக்கட்டும், கீரிக் குட்டி நுழையாத அளவுக்கு. பஞ்சாரத்தில் கவிழ்க்கிறவர்கள் அதன் மேல் சாக்கு போட்டு மூட வேண்டாம். தாய்க்கோழியையும் குஞ்சையும் தவிர ஒரு பஞ்சாரத்தில் இரண்டு மூன்று கோழிக்கு மேல் வேண்டாம். மொட்டை மாடிக்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை உண்டு. காங்கிரீட் தளம் வாங்கிய சூட்டை ராத்திரி நெடுநேரம் விட்டுக்கொண்டே இருக்கும். பொழுது சாயும்போது தளத்தைக் கழுவிவிட்டு, கூண்டைச் செங்கல் வைத்துத் தூக்கி நிறுத்துங்கள். மரத்தில் ஏறி அடையும் பழக்கமுள்ள நாட்டுக்கோழியைக் கோடையில் வலுக்கட்டாயமாக இறக்கிப் பெட்டியில் தள்ளாதீர்கள். மரநாய்த் தொல்லை இல்லாத இடம் என்றால் கிளையைவிட நல்ல படுக்கை அதற்கு இல்லை.

கோழியின் மூதாதையான செங்காட்டுக்கோழி தென்கிழக்காசியக் காட்டுத் தரையில் வாழும் பறவை. மேற்குத் தொடர்ச்சி மலையில் இன்றைக்கும் திரிகிற சாம்பல் காட்டுக்கோழியின் ரத்தமும் வீட்டுக் கோழியில் கலந்திருக்கிறது. பல கோழிகளின் காலும் தோலும் மஞ்சளாக இருப்பதற்குக் காரணமான மரபணு இந்தச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-ல் வெளியான ஆய்வு காட்டியது. மர நிழலும் இலைச் சருகும் அசைகிற காற்றும்தான் இந்தப் பறவையின் பூர்வீகம். தகரத்துக்கு அடியில் அது தவிப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

தண்ணீர், தீனி, நேரம்

பெரிய கோழி ஒன்று சாதாரண நாளில் கால் லிட்டர் தண்ணீர் குடிக்கும். கோடையில் அரை லிட்டருக்கு மேல் போகும். தண்ணீர் இருந்தால் மட்டும் போதாது, குளிர்ச்சியாக இருக்க வேண்டும். சூடேறிய தண்ணீரைக் கோழி அலகால் தொட்டுவிட்டு விலகிப் போய்விடும். பிளாஸ்டிக் டப்பாவில் வைத்த தண்ணீர் நிழலில் இருந்தாலும் மதியத்துக்குள் வெதுவெதுப்பாகிவிடும். மண்சட்டி நல்லது, பாதி மண்ணில் புதைத்து வைத்தால் இன்னும் நல்லது. ஒரே இடத்தில் பெரிய தொட்டியாக வைக்காமல் மூன்று நாலு இடத்தில் சின்னச் சட்டிகளாக வையுங்கள், வலுத்த சேவல் விரட்டினாலும் எளிய கோழிக்கு ஒரு சட்டி மிஞ்சும். காலை, 11 மணி, 3 மணி என்று மூன்று முறை மாற்றுங்கள். மாடித் தொட்டிக் குழாயைத் திறந்தால் முதலில் வருவது கொதிநீர்தான், அதை விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும்.

தீனி விஷயத்தில் எதைப் போடுகிறோம் என்பதைவிட எப்போது போடுகிறோம் என்பது பெரிது. தின்ற தானியம் செரிக்கும்போது உடம்பில் சூடு உண்டாகிறது, அது உச்சத்துக்குப் போகச் சில மணி நேரம் ஆகும். காலை 9, 10 மணிக்கு வயிறு நிறையக் கம்போ சோளமோ குருணையோ போட்டால், வெளிவெயிலும் உள்சூடும் சரியாக 2 மணிக்கு ஒன்றுசேரும். விடிகாலை 5, 6 மணிக்கு ஒரு வேளை, வெயில் தாழ்ந்து 5 மணிக்கு மேல் ஒரு வேளை. நடுவில் 10-லிருந்து 4 வரை தானியமே வேண்டாம். பெரிய பண்ணைகளும் கோடையில் இதே கணக்கைத்தான் பின்பற்றுகின்றன.

நடுப்பகலில் கொடுக்க வேறு இருக்கிறது. தர்பூசணித் தோல், வெள்ளரி, முருங்கைக்கீரை, அசோலா, தண்டுக்கீரை. நீர்மோர் கொடுக்கலாம், ஆனால் உப்புப் போடாத மோர். கோழிக்கு உப்பு மிஞ்சினால் விஷம். நமக்குக் கலக்கிய மோரையும் ஊறுகாய் சேர்ந்த பழைய சோற்றையும் அப்படியே கொட்டுவது தப்பு. சின்ன வெங்காயம் கொடுத்தால் சூடு தணியும் என்று ஊர் முழுக்கச் சொல்வார்கள். பொடியாக நறுக்கி எப்போதாவது ஒரு பிடி போட்டால் கெடுதல் இல்லை. அதையே மருந்தாக நம்பித் தினமும் அள்ளிப் போட்டால் வெங்காயம் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கும் எலக்ட்ரோலைட் பொடியும் வைட்டமின் சி-யும் உண்மையில் உதவும். மூச்சு வாங்கலால் இழக்கிற உப்புச் சத்துகளை எலக்ட்ரோலைட் ஈடுகட்டும். கடும் வெயில் நாட்களில் காலைத் தண்ணீரில், பாக்கெட்டில் போட்ட அளவுக்கு மட்டும் கலக்க வேண்டும்.

அடைக்கோழியும் குஞ்சும்

இந்த வெயிலில் அதிகம் பாவப்பட்டது அடைக்கோழி. மற்றக் கோழிகள் நிழல் தேடிப் போகும்போது இது மட்டும் 21 நாள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும். ஒரு நாளைக்கு ஒரு முறை எழுந்து தின்று குடித்துவிட்டுத் திரும்பும். அடைச் சட்டியை வீட்டிலேயே குளிர்ந்த மூலையில், தண்ணீர்ப் பானை பக்கத்தில் வையுங்கள். தண்ணீர்ச் சட்டி உட்கார்ந்தபடியே எட்டுகிற தூரத்தில் இருக்கட்டும். முடிந்தால் கத்திரியில் அடை வைப்பதையே தவிர்க்கலாம். சேவலின் விந்து வீரியமும் குறைந்திருக்கும், பொரிப்பும் குறையும்.

வைத்தே ஆக வேண்டும் என்றால் முட்டையைச் சேர்த்து வைக்கும் விதத்தில் கவனம் வேண்டும். 20, 21 டிகிரியைத் தாண்டினாலே கருவுக்குள் மெல்ல அசைவு தொடங்கிவிடும். 38 டிகிரி அறையில் பத்து நாள் கிடந்த முட்டையில் கரு அரைகுறையாக வளர்ந்து செத்திருக்கும். அகலச் சட்டியில் மணலைக் கொட்டித் தண்ணீர் தெளித்து, மேலே சாக்கு விரித்து, அதில் முட்டையை அடுக்கி, பருத்தித் துணி போட்டு மூடி வையுங்கள். மணல் காயக் காயத் தண்ணீர் தெளியுங்கள், ஈரம் முட்டையில் பட வேண்டாம். நாலைந்து நாளுக்குள் அடைக்கு வைத்துவிட வேண்டும்.

குஞ்சு விஷயம் இதற்கு நேர் எதிர். பொரித்த முதல் வாரம் அதற்கு 35 டிகிரி சூடு தேவை. அதனால் கடையில் குஞ்சு வாங்கி வந்தவர்கள் பல்பு போட்டு வைக்கிறார்கள், பகலிலும் அணைப்பதில்லை. மே மாதத்து மதியம் அறையே 36, 37 டிகிரி இருக்கும்போது அதற்குமேல் ஒரு பல்பு எரிந்தால் குஞ்சு வெந்துபோகும். தெர்மாமீட்டர் வேண்டாம், குஞ்சுகளைப் பார்த்தாலே போதும். பல்பை விட்டு விலகி, ஓரமாகப் போய் வாயைப் பிளந்தால் சூடு அதிகம்; பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர்; பரவலாக மேய்ந்தால் சரியான அளவு.

இன வித்தியாசமும் உண்டு. சீக்கிரம் சதை போடும் கறிக்கோழி முதலில் விழும். நெருங்கிய இறகும் நீண்ட காலும் உள்ள அசீல், எடை குறைந்த சிறுவிடை இரண்டும் நன்றாகத் தாங்கும். எல்லாவற்றையும்விடத் தாங்குவது கழுத்தறுத்தான் கோழி. கழுத்தில் இறகே இல்லாத அந்தத் தன்மை ஒரே மரபணுவால் வருவது. தாய் தகப்பன் இரண்டிடமிருந்தும் அது கிடைத்த கோழிக்கு மொத்த இறகில் 40 சதவீதம்வரை குறைந்திருக்கும். பார்க்க அழகில்லை என்று அதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. வெயில் கூடிக்கொண்டே போகிற ஊரில் அந்த வம்சத்தைக் காப்பாற்றி வைப்பது புத்திசாலித்தனம் என்றுதான் எனக்குப் படுகிறது.

விழுந்துவிட்டால்

மூச்சு வாங்குவது மட்டும் இருந்தால் பதறத் தேவையில்லை. கொண்டை வெளிறி, கண் சொருகி, நிற்க முடியாமல் தள்ளாடினால் அடுத்த அரை மணி நேரம் முக்கியம். நிழலுக்குத் தூக்கிப் போய், சாதாரணத் தண்ணீர் உள்ள அகலப் பாத்திரத்தில் காலும் வயிறும் நனையும்படி நிறுத்துங்கள். இறக்கையைத் தூக்கி அடியில் நனையுங்கள், அங்கே இறகு குறைவு. பிறகு விசிறுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கினால் அதிர்ச்சியிலேயே போய்விடும். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றவே கூடாது; நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழல் திறந்திருக்கிறது, நேராக நுரையீரலுக்குப் போகும். அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டால் அதுவே விழுங்கும்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். வெயில் சாவு மதியத்துக்கு மேலோ, அடைத்த பிறகு ராத்திரியிலோ வரும். நன்றாகத் தின்று கொழுத்த கோழியைத்தான் முதலில் எடுக்கும். சின்னது பெரியது பார்க்காமல் இரண்டு மூன்று நாளில் வரிசையாக விழுந்து, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து முறுக்கிக்கொண்டால் அது வெள்ளைக்கழிச்சல் எனும் ராணிக்கெட் நோய். அதற்கு ஈரச் சாக்கும் மோரும் உதவாது. கோடைக்கு முன்னால், பிப்ரவரியில், தமிழ்நாடு கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் இரண்டு வாரம் இந்த நோய்க்கான கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. 8 வாரத்துக்கு மேற்பட்ட கோழிகளுக்கு அங்கே இலவசமாகப் போட்டுவிடலாம். தவறவிட்டவர்கள் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு, வெயில் ஏறுவதற்கு முன் விடிகாலையில் போட்டுக்கொள்ள வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வானிலை மையம் வரும் நாட்களின் வெப்பநிலையோடு கோழிப் பண்ணையாளர்களுக்கான ஆலோசனையையும் வெளியிடுகிறது. பண்ணைக்காரர்களுக்கு என்று எழுதினாலும் வீட்டில் பத்துக் கோழி வைத்திருப்பவர்களுக்கும் அது பயன்படும்.

கிராமத்தில் கோழி என்பது பெரும்பாலும் பெண்களின் கைக்காசு. பள்ளிக்கூடச் செலவும் மருந்துச் செலவும் முட்டைக் கூடையிலிருந்து வருகிற வீடுகள் இன்றும் உண்டு. மானியத்தில் குஞ்சு கொடுக்கிற அரசு, கூடவே கூரைக்கு நாலு கீற்றும் கம்பி வலையும் வாங்கப் பணம் கொடுத்தால் அந்தக் குஞ்சுகளில் எத்தனையோ பிழைக்கும்.

இந்த வருஷத்துக்குக் கீற்றும் சாக்கும் போதும். அடுத்த வருஷத்துக்கு மரம் வேண்டும். ஐப்பசி மழை பிடித்ததும் கூண்டின் மேற்குப் பக்கத்தில், நாலடி தள்ளி, இரண்டு முருங்கைப் போத்தும் ஒரு அகத்திக் கன்றும் நடுங்கள். பக்கத்தில் ஒரு புங்கன் வைத்தால் அது வளர நாலைந்து வருஷம் ஆகும். அதுவரைக்கும் முருங்கையும் அகத்தியும் மேற்கு வெயிலைத் தடுக்கும், உதிர்கிற கீரை கோழிக்கே போகும். கன்றைச் சுற்றி முள் கட்டி வையுங்கள், இல்லாவிட்டால் வேரைக் கோழியே பறித்துப் போட்டுவிடும்.